ஒன்றுமே செய்யாத மாதிரி இறங்குகிறார்களே, அவர்களிடம் எதைப் பார்ப்பது?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். ப்ளூ மவுண்டனில் ஸ்கீ கற்றுக்கொண்டு, நீலக் குறியிட்ட, அதாவது நடுத்தரக் கடினச் சரிவுகளில் பயமில்லாமல் இறங்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் மலைக்கு ஸ்கீ ஓட்டப் போகிறோம். நன்றாக ஓட்டுபவர்களைப் பார்த்தாலே பாதி வந்துவிடும் என்கிறார்கள். லிஃப்டில் இருந்து பார்க்கும்போது அவர்கள் எதுவும் செய்வதாகவே தெரியவில்லை. நான் தடுமாறும் அதே பனியில் சும்மா நிற்பது மாதிரி இறங்கிப் போகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

திருப்பத்தில் கண்ணை இழுக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு. அதனால்தான் பிடிபடவில்லை. பனி சீறிப் பறப்பதும் உடம்பு சாய்ந்து கிடப்பதும் திருப்பத்தின் பின்பாதியில். அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி சாய்ந்தால் உள்பக்கமாக விழுவதுதான் நடக்கும். தேர்ந்தவர் யார், சமாளிப்பவர் யார் என்று காட்டிக்கொடுப்பது முன்பாதி. பழைய திருப்பத்தை விட்ட கணத்தில் தொடங்கி ஸ்கீயின் மூக்கு நேர் கீழாகப் பார்க்கும் வரையிலான அந்த ஒரு விநாடியைப் பாருங்கள்.

சரிவில் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தத் திசையை நேர்ச்சரிவு என்று வைத்துக்கொள்வோம். இடைநிலையில் இருப்பவருக்கு மூக்கு நேர்ச்சரிவைப் பார்க்கும் நேரம்தான் பயம், ஏனென்றால் வேகம் ஏறுவது அப்போதுதான். அதனால் வாலைச் சட்டென்று வீசி, அந்த நேரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். ஸ்கீ குறுக்கே வந்த பிறகு அதன் ஓரத்து உலோக விளிம்பை அழுத்திச் சுரண்டி வேகத்தைக் கொல்கிறார். திருப்பத்தின் மேல்பாதி என்று ஒன்று அவரிடம் இல்லவே இல்லை. தேர்ந்தவர் செய்வது வேறு. பழைய விளிம்பை மெதுவாக விடுகிறார், இடுப்பு ஸ்கீயைக் கடந்து கீழ்ப்பக்கம் போகிறது, ஸ்கீ இன்னும் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போதே புதிய வெளிக்கால் (வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் கால்) ஸ்கீயின் விளிம்பு பனியில் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவசரமில்லை. நேர்ச்சரிவில் முழுதாக ஒரு கணம் இருந்துவிட்டு, வட்டத்தை முடித்து, கொஞ்சம் மேல்நோக்கிக்கூடப் போய் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். வேகத்தை அடக்குவது பெரும்பாலும் வட்டத்தின் வடிவம். சுரண்டல் அதற்குத் துணை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பனித்தூள் எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பது. நேர்ச்சரிவுக்கு முன்பே வெளிக்காலின் அடியில் மெல்லிய தூள் எழுந்தால் அவர் மேல்பாதியில் வேலை செய்கிறார். எல்லாத் தூளும் கடைசியில், பக்கவாட்டில், ஒரே வீச்சாகப் பறந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிரேக். ஓசையும் சொல்லும். தேர்ந்தவரிடம் கேட்பது தொடர்ச்சியான ஒரு உரசல். மற்றவரிடம் அமைதி, பிறகு ஒரு 'கர்ர்ர்', மறுபடி அமைதி. போன தடத்தையும் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடுகள் என்றால் விளிம்பில் சீவிப் போயிருக்கிறார். அகலமாகத் தேய்த்த விசிறி என்றால் வழுக்கியிருக்கிறார். நல்லவர்களின் தடத்தில் இரண்டும் இருக்கும்: மேலே கொஞ்சம் தேய்ப்பு, நடுவிலிருந்து கோடு. எல்லாத் திருப்பத்திலும் முழுக்கச் சீவித்தான் போக வேண்டும் என்பது இணையம் பரப்பிய மூடநம்பிக்கை.

சாய்வைப் பற்றி ஒரு கணக்கு சொன்னால் நிறையத் தெளியும். பக்க வளைவின் ஆரம் (ஸ்கீயின் ஓரம் உள்வாங்கி வளைந்திருக்கும் வட்டத்தின் ஆரம்) 16 மீட்டர் உள்ள ஒரு சாதாரண ஸ்கீயை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிமீ வேகத்தில் வழுக்காமல் முழுக்க விளிம்பில் திரும்பினால் உடல் சாய்வு 40 டிகிரி அளவுக்கு வரும். அதே ஸ்கீயில் 18 கிமீ வேகத்தில் வருவது 9 டிகிரிதான். (சரிவின் கோணத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு, ஆனால் விகிதம் சரி.) வேகம் பாதியானால் சாய்வு கால்வாசிக்கும் கீழே போகிறது. வீடியோவில் இடுப்பு பனியைத் தொடுபவரைப் பார்த்து, நம் வேகத்தில் அந்தச் சாய்வைக் கொண்டுவர முயன்றால், தாங்கிப் பிடிக்க விசையே இல்லை. உள்கால் மேல் எடை விழும், வெளிக்கால் ஸ்கீ வெளியே ஓடிவிடும். ரேசர்களின் ஸ்கீயும் வேறு. உலகக் கோப்பை ஆண்கள் ஜயண்ட் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றிப் பெரிய திருப்பங்களாக இறங்கும் பந்தயம்) ஸ்கீயின் நீளம் குறைந்தது 193 செ.மீ., ஆரம் குறைந்தது 30 மீட்டர். அவர்கள் எடுக்கும் வடிவத்தை வாடகை ஸ்கீயில் தேடுவது வீண்.

இப்போது விஸ்லருக்கு வருவோம். பார்த்துக் கற்க அருமையான மலை, காரணம் உயரம். கிராமம் இருப்பது சுமார் 675 மீட்டரில், ரிசார்ட்டின் இன்னொரு மலையான பிளாக்கோம் பக்கத்தின் மேல் முனை 2,284 மீட்டரில். இடையே 1,600 மீட்டர். ஈரக்காற்று நாளில் 100 மீட்டருக்கு 0.6 டிகிரி என்று வைத்தால் மேலுக்கும் கீழுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வரும். உச்சியில் மைனஸ் 8, அடிவாரத்தில் பிளஸ் 2, அதாவது மேலே உலர் பனி, கீழே மழை. கடலுக்குப் பக்கத்தில் என்பதால் இது அங்கே சகஜம். 2010 ஒலிம்பிக்கில் ஆண்கள் டவுன்ஹில் (அதிவேக இறக்கம்) போட்டியே ஈரப் பனியால் பிப்ரவரி 13-லிருந்து 15-க்குத் தள்ளிப்போனது. ஆக, மேலிருந்து கீழே ஒரே இறக்கத்தில் நாலைந்து வகைப் பனி. தேர்ந்த ஒருவர் அத்தனையிலும் ஒரே மாதிரி ஓட்டுவதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு ஆள்.

கெட்டிப் பனி, 'ஐஸ்'. ப்ளூ மவுண்டனில் இது உங்களுக்கு நன்றாகவே பழக்கம். அங்கே மொத்த இறக்கமே 220 மீட்டர்தான், செயற்கைப் பனி அதிகம், உருகி உறைவது வாடிக்கை. எந்த ரிசார்ட்டிலும் இரவில் க்ரூமர் வண்டி சீர்செய்த சரிவு காலையில் வரிவரியாக அழகாக இருக்கும். 11 மணிக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் பிரேக் போட்டு, தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டுவது மாதிரி மேல் பனியைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். அடியில் பளபளக்கும் திட்டு, அதற்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே சுரண்டிய பனி குவியல். உலகக் கோப்பைத் தடத்தில் தண்ணீரை உள்ளே செலுத்தி உறையவைக்கிறார்கள். ஆனால் அது முழுக்க ஒரே கெட்டி, அடுத்து என்ன வரும் என்று தெரியும். பொதுச் சரிவின் தொல்லை கெட்டித்தன்மையில் இல்லை, அது திட்டுத்திட்டாக இருப்பதில்தான்.

தேர்ந்தவர் பளபளப்பின் மேல் திரும்புவதே இல்லை. ஸ்கீயைத் தட்டையாக வைத்து அதைக் கடந்துவிட்டு, கீழே குவிந்த பனியில் திரும்புகிறார். சரிவின் நடுவைத் தவிர்த்து ஓரத்தில் போகிறார், ஒதுங்கிய பனியெல்லாம் அங்கேதான் சேர்கிறது. ஐஸ் திட்டின் மேலேயே பிரேக் போடுபவருக்குப் பிடி கிடைக்காது. பிடி கிடைக்காததால் இன்னும் அழுத்துவார், இன்னும் வழுக்கும்.

திரும்பியே தீர வேண்டிய இடத்தில் அவர் உடம்பின் கோணத்தைப் பாருங்கள். ஸ்கீ பனியைப் பிடிக்க ஒரே விதி: உடம்பு சாய்ந்திருப்பதைவிட ஸ்கீ அதிகமாகச் சாய்ந்திருக்க வேண்டும். காலிலிருந்து உடம்பின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால் அது 25 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஸ்கீ 25-க்குக் குறைந்தால் விளிம்பு நழுவும், கூடினால் பிடிக்கும். அந்தக் கூடுதல் சில டிகிரிகள் இடுப்பு மடிவதிலிருந்தும் முழங்கால் உள்ளே வருவதிலிருந்தும் வருகின்றன. அதனால்தான் கால்கள் சாய்ந்திருக்கும்போது மார்பும் தோளும் நிமிர்ந்து, வெளிக்காலின் மேலே நிற்கின்றன. 'மேலுடம்பு அசையக்கூடாது' என்று கேட்டுவிட்டுக் கம்பி மாதிரி விறைத்துக்கொள்பவர்கள் உண்டு. விறைத்தால் இடுப்பு மடியாது, அதனால் விளிம்பும் பிடிக்காது. மேலுடம்பு அசையாமல் தெரிவது கால்கள் அடியில் நிறைய அசைவதால்.

பிடிக்காததற்குப் பாதிக் காரணம் கருவி. விளிம்பின் பக்கக் கோணம் 2 முதல் 3 டிகிரி, அடிப்பக்கம் 0.5 முதல் 1 டிகிரி, பிசிறு எடுத்த கூர்மை: கெட்டிப் பனியில் ஓட்டுபவர்களின் ஸ்கீ இப்படி இருக்கும். வாடகை ஸ்கீயில் விளிம்பு மழுங்கியிருந்தால் எந்த நுட்பமும் எடுபடாது. நகத்தை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்தால் மெல்லிய சீவல் வர வேண்டும். வராவிட்டால் கடையில் கூர்தீட்டித் தரச் சொல்லுங்கள். பூட்ஸ் அதைவிட முக்கியம். உள்ளுறையைக் கழற்றி, வெறும் வெளிக்கூட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னே தொடும்படி வைத்தால் குதிகாலுக்குப் பின்னே 1.5 செ.மீ. அளவு இடம் போதும். 3 செ.மீ. இருந்தால் பூட்ஸ் பெரிது. கால் உள்ளே சாயும், ஸ்கீ சாயாது.

குழம்பிய பனி. புதுப் பனி விழுந்த காலையில் 10 மணிக்கு மேல் எல்லோரும் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி உழுதுவிட்ட பரப்பு. விஸ்லரின் ஈரமான பனியில் இந்தக் குவியல்கள் கனமானவை. ஐஸில் செய்ததற்கு நேர் எதிராக அவர் மாறுவதை இங்கே பார்க்கலாம். கால்கள் நெருங்குகின்றன, வெளிக்காலில் ஏறக்குறைய முழு எடை என்பது போய் இரண்டு காலிலும் பங்கு விழுகிறது, திருப்பங்கள் நீண்டு வட்டமாகின்றன. வேகம் உங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும், அது வீம்புக்கு இல்லை. ஸ்கீ தன் நீளவாக்கில் போனால் குவியலைக் கிழித்துக்கொண்டு போகும். குறுக்கே வழுக்கினால் ஒன்றரை மீட்டர் நீளச் சுவராக மாறி, முன்னால் இருக்கும் பனி முழுவதையும் தள்ள வேண்டும். வாலைச் சட்டென்று வீசும் பழக்கம் சீர்செய்த சரிவில் எடுபட்டுவிடும். இங்கே கால் அப்படியே பனியில் மாட்டி, உடம்பு மட்டும் கீழே போகும்.

இன்னொரு தவறு, மூக்கு புதையுமோ என்று பயந்து பின்னால் உட்காருவது. தேர்ந்தவர் குவியல் வரும் முன் கணுக்காலை மடித்து, கால்களைத் தனக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார். கைகள் எப்போதும் பார்வைக்குள். கை பின்னால் போன மறுகணம் எடை குதிகாலுக்குப் போய்விடும், லிஃப்டில் இருந்தே அதைக் கண்டுபிடிக்கலாம்.

மோகல்கள், அதாவது மேடுபள்ளம். பார்த்துக் கற்க இவ்வளவு விஷயம் வேறெந்தப் பரப்பிலும் இல்லை. ஒலிம்பிக் மோகல் வீரர்கள் பள்ளம் வழியாக நேரே இறங்கும் பாதையை மறந்துவிடுங்கள். முழங்காலுக்கும் நடுமுதுகுக்கும் அது வேறு தொழில். பொதுச் சரிவில் தேர்ந்த நடுவயதுக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அவர் மேட்டின் உச்சியில் திரும்புகிறார், ஏனென்றால் அங்கே ஸ்கீயின் முனையும் வாலும் காற்றில் இருக்கின்றன, பாதத்தின் கீழ் மட்டும் பனி. சின்ன அசைவில் ஸ்கீ சுழலும். பிறகு மேட்டின் பின்புறத்தில் பக்கவாட்டில் வழுக்கி இறங்கி, அடுத்த மேட்டின் மேல்நோக்கிய முகத்தில் வேகத்தை அடக்குகிறார்.

ஏன் அந்த முகம்? எல்லோரும் மேட்டின் பின்புறத்தைச் சுரண்டுகிறார்கள், சுரண்டிய பனி கீழே உள்ள அடுத்த மேட்டின் மேல்முகத்தில் போய் ஒட்டுகிறது. ஆக, பின்புறம் கெட்டி, மேல்முகம் மிருது. (இதே காரணத்தால் சீசன் போகப் போக மோகல்கள் சரிவில் மேல்நோக்கி நகர்கின்றன. ஆட்கள் இறங்க இறங்க மேடுகள் ஏறுகின்றன.) கெட்டியான பின்புறத்தில் பிரேக் போட முயல்பவர் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து, அடுத்த மேட்டில் முட்டி, பின்னால் சாய்ந்து, மூன்றாவது மேட்டில் தூக்கி எறியப்படுகிறார். மோகலில் விழுகிற பெரும்பாலோருக்கு நடப்பது இந்த வரிசைதான்.

ஹெல்மெட்டை மட்டும் பத்துத் திருப்பங்களுக்குப் பாருங்கள். ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். முழங்கால்கள் மேட்டில் மார்பை நோக்கி ஏறும், பள்ளத்தில் நீளும். நீளுவதுதான் பலரும் தவறவிடுவது. மேட்டில் மடிந்த காலைப் பள்ளத்தில் நீட்டாவிட்டால் அடுத்த மேட்டுக்கு மடிக்க இடம் மிச்சமில்லை. கைக்கோல் அடுத்த மேட்டின் உச்சியில், திருப்பம் தொடங்கும் முன்பே, மணிக்கட்டு அசைவில் மட்டும் ஊன்றப்படும். கண் மூன்று நான்கு மேடு தள்ளி இருக்கும்.

வசந்தகாலக் கூழ். நீங்கள் போகும் நேரத்திலும் அடிவாரத்தில் பிற்பகலில் கிடைக்கலாம். ஆபத்து திரும்புவதில் இல்லை, நேரே போகும்போதுதான். நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழைந்ததும் ஸ்கீயின் அடியில் தண்ணீர் ஒட்டிப் பிடிக்கும், உடம்பு முன்னால் பாயும். தேர்ந்தவர் அந்த எல்லைக்கு ஒரு ஸ்கீ நீளம் முன்பே ஒரு காலைச் சற்று முன்னே வைத்துத் தாழ்ந்துகொள்வதைப் பார்க்கலாம். வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு பூசி, அடிப்பரப்பில் சற்று ஆழமான வரிகள் இருந்தால் ஒட்டுதல் குறையும். முன்பு இதற்கு ஃப்ளோரின் கலந்த மெழுகுதான் ராஜா. 2023-24 சீசனிலிருந்து சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்.-இன் போட்டிகளில் அதற்குத் தடை.

மங்கலான வெளிச்சத்தில் தரையின் மேடுபள்ளம் தெரியாது. அப்போது நல்லவர்கள் மரங்களின் ஓரமாகப் போவார்கள், சீவலைக் குறைத்து லேசான வழுக்கலுக்கு மாறுவார்கள். வழுக்கும் ஸ்கீ தரையைத் தடவி அறியும். மேலே உடையும் ஓட்டுப் பனியைக் கண்டால் கூச்சமில்லாமல் பக்கவாட்டில் வழுக்கி இறங்குவார்கள், அல்லது நின்று, உதைத்துத் திரும்பி, குறுக்கே கடப்பார்கள். ஸ்டைல் எல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை.

யாரைப் பார்ப்பது என்பதற்கு ஒரு யோசனை. வேகமாகப் போகும் இளைஞர்களை விட்டுவிடுங்கள். பயிற்றுநர் சீருடையில், மாணவர் இல்லாமல் தனியாக இறங்குபவரைப் பிடியுங்கள். கனடாவின் பயிற்றுநர் சங்கத்தின் நான்காம் நிலைச் சான்றிதழ் வாங்கியவர்கள் அந்த மலையில் வேலை செய்கிறார்கள். வீட்டில் பார்க்க, ஸ்கீ பயிற்றுநர்களுக்காக நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் இன்டர்ஸ்கி மாநாட்டில் நாடுகளின் செய்முறைக் குழுக்கள் இறங்கும் காணொளிகள் நல்லவை. 2023-இல் பின்லாந்தின் லேவியில் நடந்தது. கடிகாரம் இல்லை, கம்பங்கள் இல்லை, திருப்பத்தின் வடிவத்தை மட்டும் காட்டுவதற்காக இறங்குகிறார்கள்.

மலையில் பார்க்க நல்ல இடம் கிரீக்சைடு பக்கம் இறங்கும் டேவ் மர்ரி டவுன்ஹில். 2010 ஒலிம்பிக் டவுன்ஹில்லில் சுவிட்சர்லாந்தின் டிடியே டெஃபாகோ தங்கம் வென்ற தடம், மற்ற நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்தது. அவர் 3 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை 2 நிமிடத்துக்குள் முடித்த அதே சரிவில், சாதாரணப் பனியில், நன்றாக ஓட்டுபவர் எத்தனை திருப்பம் போடுகிறார், எந்த ஓரத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள். செங்குத்து தொடங்கும் விளிம்பில் நன்றாக ஓட்டுபவர் விளிம்புக்கு முன்பே திருப்பத்தைத் தொடங்கியிருப்பார். மற்றவர் விளிம்பில் நின்று, எட்டிப் பார்த்து, நேராக ஆரம்பிப்பார். முதல் திருப்பத்திலேயே வேகம் கைமீறும்.

ஒரு லிஃப்ட் பயணத்துக்கு ஒரு விஷயம் மட்டும்: ஒருமுறை பனித்தூள் கிளம்பும் இடம், அடுத்தமுறை கைகள், அடுத்தமுறை ஹெல்மெட். இறங்கியதும் உங்களுக்கு ஒரு படி எளிதான சரிவில் அதை மட்டும் செய்து பாருங்கள். பார்த்த இடத்திலேயே செய்யப் போனால் பயம் பழைய பழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரும். மேல்பாதிக்கு ஒரு பயிற்சி: மிக எளிதான பச்சைக் குறிச் சரிவில், நடை வேகத்தில், ஸ்கீ குறுக்கே போகும்போது சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் காலை லேசாக மடக்கி அதன் எடையை விடுங்கள், எதையும் திருகாதீர்கள். இரண்டு ஸ்கீயும் தானாகத் தட்டையாகி, மூக்கு மெதுவாகக் கீழே திரும்பும். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணி முடிக்கும் வரை நேர்ச்சரிவைத் தாண்டக் கூடாது. எண்ணும் முன் தாண்டினால் நீங்கள் இன்னும் வாலை வீசுகிறீர்கள்.

உங்களைப் படம் எடுக்கச் சொல்லும்போது கீழே நின்று, ஸ்லோமோஷனில், சரிவுக்கு நேராக எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து எடுத்தால் எல்லோரும் சாம்பியன்தான். ஸ்கீயின் மூக்கு கேமராவை நேராகப் பார்க்கும் சட்டத்தில் நிறுத்துங்கள். அந்தச் சட்டத்தில் வெளிக்கால் ஸ்கீயின் அடிப்பரப்பு கொஞ்சமாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேல்பாதி வந்துவிட்டது. தெரியாவிட்டால் எண்ணும் பயிற்சிக்கே திரும்புங்கள். படம் எடுப்பவர் மேலிருந்து வருபவர்களுக்குத் தெரியும் இடத்தில், சரிவின் ஓரத்தில் நிற்கட்டும். செங்குத்தின் விளிம்புக்குக் கீழே, பார்வை படாத மறைவில் நிற்க வேண்டாம்.